விக்கிப்பீடியாவில் முளைத்த பிழை ஆய்வு நூலில் ஏறிவிட்டால் குற்றம் யாருடையது?

நீங்கள் கேட்டிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: விக்கிப்பீடியாவில் யாரோ எழுதிவைத்த ஒரு தவறான தகவல் ஆய்வுக் கட்டுரையில் ஏறுகிறது, அங்கிருந்து பல்கலைக்கழகப் பதிப்பக நூலுக்குப் போகிறது, கடைசியில் அந்த நூலே விக்கிப்பீடியா வரிக்குச் சான்றாகவும் வந்து நிற்கிறது. இதில் பழி எழுதியவருக்கா, கலைக்களஞ்சியத்துக்கா, எடுத்தாண்ட ஆய்வாளருக்கா? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பிழை எங்கே பிறந்தது என்பது ஒன்று. அந்தப் பிழைக்குச் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையை யார் குத்தினார் என்பது இன்னொன்று. பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பழியைத் தீர்மானிப்பது இரண்டாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தான் பார்க்காத சான்றைப் பார்த்ததுபோல் அடிக்குறிப்பில் போட்ட ஆய்வாளர்தான் முதல் பொறுப்பாளி. அடுத்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு வரிக்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு பக்கத்தைத் தேடிப்பிடித்துச் சான்றாக ஒட்டிய விக்கிப்பீடியா தொகுப்பாளர். ஆய்விதழும் பதிப்பகமும் அதற்கடுத்து. விஷமத்துக்காக எழுதியவரின் தவறு வேறு வகை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கோட்டி என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. ஆர்டுவார்க் ஆப்பிரிக்காவில் வாழ்வது. கோட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. 2008 ஜூலையில் ஓர் அமெரிக்க மாணவர், ஆங்கில விக்கிப்பீடியாவின் கோட்டி கட்டுரையில், அந்த விலங்குக்குப் ‘பிரேசிலிய ஆர்டுவார்க்’ என்றும் பெயர் உண்டு என்று ஒரு சிறு துணுக்கைச் சேர்த்தார். அவராக வைத்த பெயர். சான்று ஏதும் இல்லை. யாரும் நீக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எழுதின. சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு நூலிலும் அது ஏறியது. பிறகு அந்த நாளிதழ்ச் செய்திகளில் ஒன்றே விக்கிப்பீடியா வரிக்கு அடிக்குறிப்பாக வந்தது. 2014-ல் நியூ யார்க்கர் இதழ் இந்தக் கதையை வெளியிட்டபோது, அந்தப் பெயருக்கு ஆறு வயது. இந்தச் சுழற்சிக்கு 2011-ல் ராண்டல் மன்றோ என்ற கேலிச்சித்திரக்காரர் ‘சைட்டோஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்தார். தமிழில் சுற்று மேற்கோள் என்று சொன்னால் போதும்.

இன்னொரு நிகழ்வில் இந்தச் சுற்று ஓரிரு நாளிலேயே முடிந்துவிட்டது. 2009 பிப்ரவரியில் கார்ல்-தியோடர் ட்சு குட்டன்பெர்க் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக வருவது உறுதியானது. அவருக்கு முன்பெயர்களே பத்து. யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அந்த வரிசையின் நடுவே ‘வில்ஹெல்ம்’ என்று பதினொன்றாவது பெயரைச் செருகினார். பில்ட் நாளிதழின் முதல் பக்கம் முதற்கொண்டு பல ஊடகங்களில் அந்தப் பெயர் வந்தது. ஸ்பீகல் ஆன்லைன் என்ற செய்தித் தளமும் எழுதியது. விக்கிப்பீடியாவில் சந்தேகம் எழுந்து சான்று கேட்டபோது, ஸ்பீகல் ஆன்லைன் செய்தியே சான்றாகக் காட்டப்பட்டது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள். தேதியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வரி செருகப்பட்டதற்குப் பிறகு வெளிவந்த செய்தி, அந்த வரிக்குத் தனிச் சான்றாக இருக்க முடியாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் சுற்று மேற்கோளில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

விக்கிப்பீடியாவின் காவல் வேலை செய்தும் பயனில்லாமல் போன நிகழ்வும் உண்டு. 2009 மார்ச் இறுதியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தார். டப்ளினில் ஒரு மாணவர், அவர் சொன்னதாக ஒரு மேற்கோளைக் கற்பனையில் எழுதி விக்கிப்பீடியாவில் போட்டார். சான்று இல்லை என்று தொகுப்பாளர்கள் நீக்கினார்கள். மறுபடி போட்டார், மறுபடி நீக்கினார்கள். ஆனால் அது கண்ணில் பட்ட கொஞ்ச நேரத்துக்குள் கார்டியன் உட்படப் பல நாட்டுப் பத்திரிகைகள் எடுத்துத் தங்கள் இரங்கல் குறிப்புகளில் சேர்த்துவிட்டன. மாணவரே எழுதித் தெரிவிக்கும்வரை வாரக்கணக்கில் எந்தப் பத்திரிகையும் கண்டுகொள்ளவில்லை. சான்று இல்லாத வரியை நீக்கிய தன்னார்வலர்களையும், சான்று இல்லாத வரியை அச்சில் ஏற்றிய பத்திரிகைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பழி சொல்ல முடியாது.

எல்லாப் பிழையும் இந்த மாதிரி விளையாட்டாகப் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்றே இல்லாத வரி ஒரு வகை. அது ஓரளவு எளிதில் அகப்படும். பொய்ச் சான்றோடு வரும் வரி அதைவிடக் கடினம். கோவாவில் 1640-41-ல் போர்ச்சுகீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்ததாகச் சொல்லும் ‘பிச்சோலிம் மோதல்’ என்ற கட்டுரை 2007-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. அடிக்குறிப்பில் இருந்த நூல்கள் தேடினால் கிடைக்காதவை. ஆனாலும் அது ‘நல்ல கட்டுரை’ என்ற தரச் சான்றைப் பெற்று, 2012 டிசம்பர் கடைசிவரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சீன விக்கிப்பீடியாவில் இடைக்கால ரஷ்ய வரலாறு பற்றி ஒரே பயனர் பத்தாண்டுக்கு மேல் எழுதிய இருநூற்றுக்கும் மேற்பட்ட கற்பனைக் கட்டுரைகள் 2022-ல்தான் அகப்பட்டன. ஒரு வாசகர் அவற்றில் இருந்த வெள்ளிச் சுரங்கம் ஒன்றைப் பற்றி மேலும் படிக்க ஆசைப்பட்டு ரஷ்ய மூலங்களைத் தேடிப் போனதால் வெளிவந்தது. மூன்றாவது வகை, வெளியே ஏற்கெனவே அச்சில் இருந்த ஆதாரமற்ற கருத்தைக் கலைக்களஞ்சியம் ஊதிப் பெரிதாக்குவது. நாஜிகள் நடத்திய வார்சா வதைமுகாமில் விஷவாயு அறைகள் இருந்தன, அங்கே 2 லட்சம் போலந்துக்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற கூற்று அப்படிப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் 2019 வரை 15 ஆண்டுகள் இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது நான்காவது வகை: சான்று உண்மையானது, நூல் உண்மையானது, பக்க எண்ணும் சரி, ஆனால் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை. ‘இருக்கக்கூடும்’ என்று நூலாசிரியர் எழுதியதை ‘இருந்தது’ என்று சுருக்கியிருப்பார்கள். ஓர் ஊரைப் பற்றிச் சொன்னதை நாடு முழுவதற்கும் ஆக்கியிருப்பார்கள். அல்லது அடிக்குறிப்போடு இருந்த ஒரு வாக்கியத்தின் நடுவே வேறொருவர் இன்னொரு செய்தியைச் செருகியிருப்பார். அடிக்குறிப்பு இப்போது இரண்டுக்கும் சான்று போலத் தெரியும். இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாருமே இல்லை. நூலைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் மட்டுமே இதைக் கண்டுபிடிக்க முடியும்.

அதனால்தான் பொறுப்பின் பெரும்பங்கை ஆய்வாளர் மேல் வைக்கிறேன். அடிக்குறிப்பு என்பது ‘இந்த நூலை, இந்தப் பக்கத்தை நான் பார்த்தேன், அங்கே இது இருக்கிறது’ என்று ஒருவர் தன் பெயரில் கொடுக்கும் உறுதிமொழி. விக்கிப்பீடியா அப்படி எந்த உறுதியும் தரவில்லை. தன் தகவல்களின் சரித்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை என்று தன் பொதுப் பொறுப்புத் துறப்புப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. தன்னையே சான்றாகக் காட்டக்கூடாது என்று தன் தொகுப்பாளர்களுக்கும் விதி வைத்திருக்கிறது. உத்தரவாதம் இல்லாத சரக்கை எடுத்துத் தன் உத்தரவாதத்தை ஒட்டி விற்பவர் யாரோ அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

நடைமுறையில் நடப்பது என்னவென்றால், ஆய்வாளர் விக்கிப்பீடியாவைப் படிக்கிறார், அதன் அடிக்குறிப்பில் இருக்கும் நூலின் பெயரை எடுத்துத் தன் நூற்பட்டியலில் போடுகிறார், விக்கிப்பீடியாவின் பெயரை விட்டுவிடுகிறார். விக்கிப்பீடியாவைச் சுட்டினால் ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பாய்வாளர் முகம் சுளிப்பார் என்ற பயம் இதற்குக் காரணம். இந்தப் பயத்தின் விளைவு மோசமானது. ‘விக்கிப்பீடியா, இன்ன கட்டுரை, இன்ன தேதியில் இருந்த வடிவம்’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், தவறு தெரியவந்ததும் ஒரு நிமிடத்தில் மூலத்தைப் பிடித்துவிடலாம். வழியை மறைத்துவிட்டால் அடுத்தவர் அதை ஆய்வாளரின் சொந்தத் தேடலில் கிடைத்தது என்றே நம்புவார். எனவே விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டவே கூடாது என்று மாணவர்களுக்குத் தடை போடுவது பிழையைக் குறைப்பதில்லை, தடயத்தைத்தான் அழிக்கிறது. ஆய்வாளர்கள் இதை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. நீல் தாம்சன், டக்ளஸ் ஹான்லி ஆகிய இருவரும் விக்கிப்பீடியாவில் இல்லாத வேதியியல் தலைப்புகளில் கட்டுரைகள் எழுதச் செய்து, அவற்றில் குலுக்கல் முறையில் பாதியை மட்டும் ஏற்றினார்கள். ஏற்றப்பட்ட கட்டுரைகளின் சொற்போக்கு, பின்னால் வந்த அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் அதிகமாக எதிரொலித்தது. நூற்பட்டியல்களைப் பார்த்தால் இது தெரியாது.

பார்க்காமலே மேற்கோள் காட்டும் பழக்கம் இணையத்தோடு வந்ததும் அல்ல. 2003-ல் மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இருவர், 1973-ல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். 196-ல் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே தவறான பக்க எண் 78 முறை வந்திருந்தது. ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் அப்படியே பெயர்த்தெழுதியிருக்கிறார்கள் என்பது உறுதி. இதிலிருந்து, மேற்கோள் காட்டுகிறவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் போட்ட கணக்கை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலத்தைப் படித்துவிட்டு, சுட்டும் விவரத்தை மட்டும் வேறொருவர் பட்டியலிலிருந்து எடுத்தவர்களும் இருக்கலாம் அல்லவா? பதிப்பகம் ஒன்று கட்டுரை எழுதுவோருக்கான வழிகாட்டியில் மாதிரிக்காகக் கொடுத்திருந்த, உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு கட்டுரை ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பது 2017-ல் வெளிவந்தது. பசலைக் கீரையின் இரும்புச் சத்தைப் பற்றிய கதை இன்னும் பொருத்தமானது. தசமப் புள்ளி இடம் மாறியதால்தான் அந்தக் கீரையில் இரும்பு அதிகம் என்ற நம்பிக்கை பரவியது என்று 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை சொன்னது. சான்று கொடுக்கவில்லை. மூட நம்பிக்கையை உடைக்கும் கதை என்பதால் ஆய்வாளர்கள் விரும்பி எடுத்துச் சொன்னார்கள். பிறகு தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளி இடம் மாறியதற்கான ஆதாரமே அகப்படவில்லை. இது எப்படிப் பரவியது என்பதை ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-ல் விரிவாக எழுதினார். இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இணையக் கலைக்களஞ்சியம் எதுவும் இல்லை.

ஆய்விதழ்களின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதிப்பாய்வு என்பது தகவல் சரிபார்ப்பு அல்ல. இரண்டு மூன்று பேர், பெரும்பாலும் ஊதியமில்லாமல், வாதமும் முறையும் சரியா என்று பார்க்கிறார்கள். ஐம்பது அறுபது அடிக்குறிப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை, அப்படிப் பார்க்க அவர்களிடம் யாரும் கேட்பதும் இல்லை. எனவே மதிப்பாய்வாளரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் ‘மதிப்பாய்வு செய்யப்பட்டது’ என்ற சொல்லை வாசகர் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று புரிந்துகொள்ளும்படி விட்டுவைத்து அதன் பேரில் மதிப்பும் பணமும் பெறும் பதிப்பகத்துக்குப் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் ஐந்து அடிக்குறிப்புகளைத் தோராயமாக எடுத்து, மூலத்தின் அந்தப் பக்கத்தின் படத்தை ஆசிரியரிடம் கேட்டு வாங்கினால் போதும். பார்க்காமல் போட்டவர் அங்கேயே தெரிந்துவிடுவார்.

விக்கிப்பீடியாவை முழுக்க விடுவிக்கவும் முடியாது. அதன் மிகப் பெரிய தவறு நல்லெண்ணத்தோடு நடப்பது. ஒரு வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறி நிற்கிறது. அதைத் தீர்த்துவைக்க வரும் தொகுப்பாளர் அந்த வரியைத் தேடுபொறியில் போடுகிறார், அதே செய்தியைச் சொல்லும் முதல் பக்கத்தை எடுத்து ஒட்டுகிறார், குறியை நீக்குகிறார். அவர் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: சான்றிலிருந்து வரிக்கு வர வேண்டும். வரியிலிருந்து சான்றுக்குப் போனால், அந்த வரியைப் பார்த்து எழுதப்பட்ட பக்கம்தான் முதலில் அகப்படும். பிச்சோலிம் போல, சான்று நூல்கள் இருக்கின்றனவா என்றுகூடப் பார்க்காமல் தரச் சான்று கொடுப்பது அடுத்த தவறு. மூன்றாவது மொழிபெயர்ப்பு. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கட்டுரையைக் கொண்டுபோகிறவர் அடிக்குறிப்புகளையும் சேர்த்துக் கொண்டுபோகிறார். அவர் அந்த நூல்களைப் பார்த்ததில்லை. மூலக் கட்டுரையில் பிழை திருத்தப்பட்டாலும் மொழிபெயர்ப்பில் அது அப்படியே கிடக்கும், பிறகு அங்கிருந்து திரும்பியும் வரும்.

விஷமம் செய்தவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செய்தது தவறு, வேண்டுமென்றே செய்த தவறு. ஒழுக்கத்தின் அளவுகோலில் வைத்தால் அவர்தான் முதல் குற்றவாளி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்திருக்கும் இடத்தில் ஒருவர் பொய் எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டே அங்கே போய் எடுக்கிறவருக்குத்தான் சோதித்துப் பார்க்கும் கடமை வருகிறது. மேலும், விஷமக்காரரைத் தண்டித்தாலும் நூலில் ஏறிய வரி இறங்காது.

இரண்டாம் தலைமுறை ஆய்வாளரின் நிலை வேறு. அவர் விக்கிப்பீடியாவைத் தொடவே இல்லை. பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றை நம்பினார், அந்த நூலாசிரியர்தான் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருந்தார். இவர் மேல் எவ்வளவு பழி போடலாம்? அந்தத் தகவல் அவருடைய வாதத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வழியில் சொல்லிப்போகும் விவரம் என்றால் நல்ல நூலை நம்பியது போதும். வாதமே அந்த ஆண்டின் மேல், அந்த எண்ணிக்கையின் மேல், அந்தப் பெயரின் மேல் நிற்கிறது என்றால் முதன்மைச் சான்றுவரை போயிருக்க வேண்டும். நூலில் அடிக்குறிப்பே இல்லாமல் அந்தத் தகவல் இருந்திருந்தால் அதுவே எச்சரிக்கை மணி. வேறொருவர் வழியாகத்தான் தெரிந்தது என்றால் ‘இன்னார் எடுத்தாண்டபடி’ என்று எழுதிவிடலாம். இந்த இரண்டு சொற்களை எழுதியிருந்தால் பழி அவரைத் தொடாது.

உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தகவலின் மேல் சந்தேகம் இருக்கலாம் என்பதால், அதைத் துப்பறியும் முறையையும் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது மூன்று தேதிகள். முதல் தேதி, அந்த வரி கட்டுரைக்குள் நுழைந்த நாள். கட்டுரையின் வரலாறு பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம். நடுவில் இருக்கும் ஒரு பழைய வடிவத்தைத் திறந்து வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு முந்தைய பாதி, இல்லையென்றால் பிந்தைய பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 2,000 மாற்றங்கள் இருந்தாலும் 11 தடவையில் அகப்பட்டுவிடும். விக்கிபிளேம் என்ற கருவி இதையே தானாகச் செய்யும். தேடும்போது முழு வாக்கியத்தைப் போடாதீர்கள், நடை திருத்தப்பட்டிருக்கும். மாறாத ஒரு பெயரையோ எண்ணையோ போடுங்கள். நடுவில் யாராவது வரியை நீக்கி மறுபடி சேர்த்திருந்தால் பாதியாக்கும் முறை தவறான தேதியைக் காட்டும். கிடைத்த தேதிக்கு முந்தைய வடிவங்கள் இரண்டு மூன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். கட்டுரை வேறொரு கட்டுரையிலிருந்து பிரிக்கப்பட்டதாக இருந்தால் பழைய கட்டுரையின் வரலாற்றுக்கும் போக வேண்டும்.

இரண்டாவது தேதி, அந்த வரிக்கு அடிக்குறிப்பு வந்து சேர்ந்த நாள். மூன்றாவது, அந்த அடிக்குறிப்பில் உள்ள நூல் அல்லது செய்தி வெளிவந்த நாள். வெளிவந்த நாள், வரி நுழைந்த நாளுக்கும் அடிக்குறிப்பு சேர்ந்த நாளுக்கும் நடுவில் விழுந்தால், அது சுற்று மேற்கோளின் கைரேகை. பிறகு, வரி நுழைந்த நாளுக்கு முன்பு வெளிவந்த எந்த நூலிலாவது, இதழிலாவது அந்தத் தகவல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் விக்கிப்பீடியா பிறப்பிடம் அல்ல; விசாரணை அந்த நூலுக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூகுள் புக்ஸ் காட்டும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். தொடர் இதழ்களுக்கு முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டிருக்கும். நூலின் பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். திருத்திய பதிப்பில் புதிதாகச் சேர்த்த வரி, முதல் பதிப்பின் ஆண்டோடு தேடலில் வரும்; இரண்டு பதிப்பையும் ஒப்பிட வேண்டும். செய்தித் தளங்களில் பழைய செய்தியைப் பின்னால் மாற்றியிருப்பார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அன்றைய வடிவத்தைத் திறந்து பாருங்கள். ஆல்பாஸ்கிரிப்ட், பீட்டாஸ்கிரிப்ட் போன்ற பதிப்புப் பெயர்களில் விற்கப்பட்ட புத்தகங்கள் விக்கிப்பீடியா கட்டுரைகளையே தொகுத்து அச்சிட்டவை. அட்டையும் பதிப்பெண்ணும் இருப்பதால் சான்றாகிவிடாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு கையில் இருப்பது எது என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வரி எப்போது நுழைந்தது, எந்தக் கணக்கிலிருந்து நுழைந்தது, சான்று எப்போது ஒட்டப்பட்டது என்பவை உறுதி. ‘முன்பு எங்கும் இல்லை, எனவே இது கற்பனை’ என்பது உறுதி ஆகாது. மின்வடிவம் பெறாத நூலில், நீங்கள் தேடாத மொழியில், கையெழுத்து ஆவணத்தில் அது இருக்கலாம். கற்பனை என்று நிறுவ, எழுதியவரின் ஒப்புதலோ, அதற்கு நேர் முரணான முதன்மை ஆவணமோ வேண்டும். அதுவரை ‘இன்ன ஆண்டுக்கு முன் சான்று கிடைக்கவில்லை’ என்ற அளவில் எழுதுவதே நேர்மை. ஓர் ஆய்வாளர் விக்கிப்பீடியாவைப் பார்த்துத்தான் எழுதினார் என்று சொல்வதற்கும் தேதி மட்டும் போதாது. விக்கிப்பீடியாவுக்கே உரிய ஒரு எழுத்துப்பிழை, வழக்கத்தில் இல்லாத ஒரு சொற்சேர்க்கை, அடிக்குறிப்புகளின் அதே வரிசை ஆகியவற்றில் ஒன்றாவது அவர் எழுத்தில் இருக்க வேண்டும்.

இத்தகைய பிழைகள் மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. நாம் எண்ணுவது அகப்பட்டவற்றை. அகப்படாதவை கணக்கில் வராது. கலைக்களஞ்சியத்தின் பொதுவான தரம் பற்றி 2005-ல் நேச்சர் இதழ் நடத்திய ஒப்பீட்டில் 42 அறிவியல் கட்டுரைகளில் விக்கிப்பீடியாவில் 162 பிழையும் குறையும், பிரிட்டானிக்காவில் 123-ம் கண்டார்கள். கடுமையான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா அந்த முறையைக் கடுமையாக மறுத்தது. அந்த எண்கள் அறிவியல் தலைப்புகளுக்கு, அந்த ஆண்டுக்கு உரியவை. ஆட்கள் அதிகம் எட்டிப்பார்க்காத வரலாற்றுக் கட்டுரைக்கோ, சிறிய மொழிப் பதிப்புக்கோ அவற்றை நீட்ட முடியாது. அச்சுக் கலைக்களஞ்சியமும் அகராதியும் பிழைக்கு விலக்கல்ல. வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பில் ‘டார்ட்’ என்ற இல்லாத சொல் ஏறியது. அடர்த்தி என்பதற்கான சுருக்கக் குறியாக ‘பெரிய டி அல்லது சிறிய டி’ (ஆங்கிலத்தில் D or d) என்று எழுதிவைத்த சீட்டை ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-ல்தான் ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது. அந்தச் சீட்டு அலுவலகத்துக்குள் இருந்தது, வாசகர் பார்க்க முடியாது. விக்கிப்பீடியாவின் சீட்டு, அதாவது வரலாறு பக்கம், எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. இந்த வேறுபாடு ஆய்வாளரின் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

கண்டுபிடித்துவிட்டால் எந்த வரிசையில் செயல்படுவது என்பதும் முக்கியம். முதலில் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மூன்று தேதிகளையும் அந்தந்த வடிவத்தின் நிலையான இணைப்போடு எழுதுங்கள்; அதன் பிறகு வரியை நீக்குங்கள். காரணம் எழுதாமல் நீக்கினால், ‘சான்று உள்ள வரியை நீக்கிவிட்டார்’ என்று யாராவது அன்றே திரும்பப் போட்டுவிடுவார்கள். ‘சுற்று மேற்கோளாக இருக்கலாம்’ என்று கட்டுரையில் ஒட்டக்கூடிய ஆயத்த எச்சரிக்கைக் குறிப்பு (வார்ப்புரு) ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறது. அடுத்து கட்டுரையின் மொழிப் பட்டியலில் உள்ள மற்ற மொழிப் பதிப்புகளையும், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவையும் பாருங்கள். தேடுபொறிகளின் தகவல் பெட்டிகளுக்கு விக்கித்தரவிலிருந்தும் செய்தி போகிறது. பிறகு நூலாசிரியருக்கும் ஆய்விதழின் ஆசிரியருக்கும் எழுதுங்கள். ‘விக்கிப்பீடியாவிலிருந்து திருடிவிட்டீர்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘உங்கள் நூலின் இன்ன பக்கத்தில் உள்ள இந்தத் தகவலுக்கு நீங்கள் பார்த்த மூலம் எது?’ என்று மட்டும் கேளுங்கள். நல்ல மூலம் இருந்தால் உங்களுக்கே லாபம். இல்லையென்றால் அவருக்கே புரிந்துவிடும். முடிவையே பாதிக்கும் பிழையென்றால் ஆய்விதழ் கட்டுரையை மீளப்பெற வேண்டும். மற்றபடி பிழைத்திருத்தக் குறிப்பு போதும். அந்தக் குறிப்பு அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய மற்றக் கட்டுரைகளுக்குத் தானாகப் போய்ச் சேராது. முக்கியமானவற்றுக்கு நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக, இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வழியாகத் தகவல் எடுப்பவர்களுக்கு ஒன்று. அந்தக் கருவிகள் விக்கிப்பீடியாவையும் படித்துத்தான் வளர்ந்திருக்கின்றன. இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகச் சொல்வதும் நடக்கிறது. மேலே சொன்ன துப்பறியும் முறை முழுவதும் வரலாறு பக்கம் என்ற ஒன்றை நம்பி நிற்கிறது. கருவி தந்த விடைக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. எந்த வரி எங்கிருந்து வந்தது, எந்த நாளில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போக வழியே கிடையாது. ஆகவே அங்கே கிடைக்கும் ஒவ்வொரு சான்றையும் நூலகப் பட்டியலில் தேடி, நூலைத் திறந்து, பக்கத்தைப் பார்த்த பிறகே அடிக்குறிப்பில் எழுதுங்கள். பக்கம் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.